பேச்சியம்மாள் நினைவாக முந்நூறு பால் புட்டிகள்

டப்பாவின் மேல் "அம்மாவைப் போலவே" என்று அச்சடித்திருக்கிறதாம். யாருடைய அம்மாவைப் போல என்று போடவில்லை.

ஜோதி இதைச் சொல்லப் போன் செய்தபோது நான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் உட்கார்ந்து உள்பாவாடைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் ஜோதி. ஒரு கம்பெனி ஆள் புதுவிதமான பால் புட்டி நிப்பிளோடு வந்து நிற்கிறான், தாய்ப்பாலுக்குத் தொந்தரவே செய்யாது என்கிறான், நம்பலாமா சிஸ்டர் என்று கேட்டாள். கடையில் ஒரே இரைச்சல். நானும் உரக்கவே பதில் சொன்னேன். நிப்பிளை முதலில் தலைகீழாகத் தொங்கவிட்டு எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணு, பிறகு நீயே வாயில் வைத்து உறிஞ்சிப் பார் என்றேன். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். கடைக்காரர் என் முன்னால் விரித்திருந்த பாவாடைகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்துவிட்டார். வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

மாலையில் ஜோதி மறுபடி கூப்பிட்டாள். ஏன் தொங்கவிட வேண்டும், ஏன் நாமே உறிஞ்ச வேண்டும் என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள், புதிதாகச் சேர்ந்த பெண்கள் படிக்கட்டும் என்றாள். எழுதுகிறேன். ஆனால் இதில் ஒரு இரும்பு வியாபாரியும், ஒரு கேஸ் கட்டரும், மறைந்த ஒரு தாயாரின் மூக்குத்தியும் வரும். அவற்றை எடுத்துவிட்டு வெறும் நிப்பிளைப் பற்றி மட்டும் எழுத எனக்குத் தெரியாது.

நர்ஸ் படிப்பு மூன்று வருடம். படுக்கை விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது என்று மூன்று மாதம் சொல்லிக் கொடுத்தார்கள். குறைமாதக் குழந்தைக்கு எப்படிப் பால் புகட்டுவது என்பதற்கு ஒரு மத்தியானம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று எனக்குக் காய்ச்சல், லீவு. அப்படிப்பட்ட என்னைத்தான் ராயபுரத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும். எங்கள் குழந்தைகள் அதில் பழகியவர்கள். ஒருமுறை லாரிக்காரர்கள் ஸ்டிரைக் செய்தபோது வார்டே தூங்காமல் அழுதது.

எங்கள் பிரிவுக்குப் பெரிய டாக்டர் நவநீதன். ஒல்லியான மனிதர். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஒரு ஸ்டாப்வாட்சும் தொங்கும். சிகரெட்டை விட்டதிலிருந்து ஏலக்காய். கோபம் வந்தால் கத்த மாட்டார், இரண்டு ஏலக்காயைச் சேர்த்து மெல்லுவார். மூன்று மென்று நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவர் வாயில் குழந்தை என்ற சொல்லே வராது. ஆண் என்றால் சார், பெண் என்றால் மேடம். ஒரு கிலோகூட இல்லாத ஜீவன் முன்னால் குனிந்து நின்று, "மேடம், கொஞ்சம் வயித்தைத் தொட்டுப் பார்க்கலாமா?" என்று அனுமதி கேட்பார். மூணாம் நம்பர் சார் இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டால், புதிதாக வந்த பெற்றோர்கள் அந்த சாரைத் தேடுவார்கள். நான் முதல் மாதம் சிரித்தேன், இரண்டாம் மாதம் நானே அப்படிப் பேச ஆரம்பித்தேன். ஒருநாள் வீட்டில் வாய் தவறி என் கணவரைச் சார் என்று கூப்பிட்டுவிட்டேன். மனிதர் என்ன தப்பு செய்தோம் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

டாக்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேஸ் ஷீட்டில் குழந்தை எத்தனை மில்லி பால் குடித்தது என்று எழுத ஒரு கட்டம் இருக்கும். அது ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. தாயிடம் நேரடியாகக் குடித்தால்கூட, குடிப்பதற்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை குழந்தையை எடை போட்டு, வித்தியாசத்தை எழுத வேண்டும். ஒருநாள் நான் பத்து நிமிடம் தாமதித்தேன். நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று ஏலக்காய் மென்றார்.

எங்கள் வார்டில் பால் புட்டிக்கு இடமில்லை. தாய் கையால் பீய்ச்சிக் கொடுக்கிற பாலை முதலில் மூக்குக் குழாய் வழியாகவும், கொஞ்சம் தேறியதும் பாலாடையாலும் கொடுப்போம். பாலாடை என்பது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், நம் வீடுகளில் சங்கு என்கிறோமே அதே குடும்பம். அப்புறம் தாயின் மார்பு. காரணத்தை டாக்டர் எங்களுக்கு விளக்கிய விதத்தை அப்படியே தருகிறேன். உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், மூச்சு விட வேண்டும். வாய் ஒன்று, வேலை மூன்று. நிறைமாதக் குழந்தை பிறக்கும்போதே இதில் கைதேர்ந்து வருகிறது. எட்டாம் மாதத்தில் வந்துவிட்ட மேடத்துக்கு அவகாசம் வேண்டும். அம்மாவிடம் உறிஞ்சினால் பால் உடனே வராது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கும். நிறுத்தினால் அதுவும் தணியும், அதற்குள் மேடம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஓட்டை பெரிதான நிப்பிளில் அந்த மரியாதை கிடையாது. உறிஞ்சினாலும் உறிஞ்சாவிட்டாலும் ஊற்றும். விழுங்கு, இல்லாவிட்டால் மூழ்கு என்பதுதான் அதன் கொள்கை. அப்படிக் குடித்துப் பழகியவர் அம்மாவிடம் வந்து ஏன் காத்திருக்கப் போகிறார்?

இந்த நிலைமையில்தான் தங்கதுரை அண்ணாச்சி வந்தார். மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த சமயம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து ஒரு குட்டியானை வண்டியைப் பள்ளம் பள்ளமாக ஏற்றி இறக்கி எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தெற்கத்திக்காரர், பழைய இரும்புப் பிளேட் வியாபாரம். தாயார் பேச்சியம்மாளின் முதல் நினைவு நாளுக்காக முந்நூறு பால் புட்டிகளை நன்கொடையாகக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு புட்டியிலும் அம்மாவின் படம். அளவுக் கோடுகள் படத்தின் மேலேயே ஓடின. முப்பது மில்லி பேச்சியம்மாளின் தாடை, அறுபது மில்லி மூக்குத்தி, தொண்ணூறு மில்லிக்கு நெற்றிப் பொட்டு.

டாக்டர் கைகூப்பி, பால் புட்டி எங்களுக்கு ஆகாது என்றார். அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது.

"இரும்புலகூட தேறாத மால் உண்டு டாக்டர். எங்கம்மா பேர் போட்டதுல ஒண்ணுகூடவா தேறாது?"

டாக்டர் சட்டைப் பைக்குள் ஏலக்காயைத் தேடினார். அறக்கட்டளைச் செயலாளர் குறுக்கே வந்து, வாங்கிக்கொள்கிறோம் அண்ணாச்சி என்று சொல்லி, முந்நூறையும் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார். கதவைச் சாத்தும்போது பார்த்தேன், முந்நூறு பேச்சியம்மாள்கள் இருட்டில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே மாதத்தில்தான் ரேவதியின் மேடம் பிறந்தார். ரேவதி வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருப்பவள், இருபத்து மூன்று வயது. கணவன் ஏழுமலை அண்ணாச்சியின் யார்டில் கேஸ் கட்டர், இரும்புப் பிளேட்டுகளை நெருப்பால் அறுக்கிறவன். குழந்தை எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆயிரத்து முந்நூறு கிராம். ரேவதிக்குப் பால் நன்றாக இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சிக் கொடுத்துவிட்டு, குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நானூறு பேரைப் பார்த்த பிறகும் சில தாய்மார்கள் மனதில் தங்கிவிடுவார்கள். இவள் அப்படி.

குழாயிலிருந்து பாலாடைக்கு வந்தார் மேடம். ஆயிரத்து அறுநூறு கிராம் ஆனதும் மார்பில் போட்டோம். முதல் நாள் நக்கினார். இரண்டாம் நாள் நான்கு தடவை உறிஞ்சினார். ஐந்தாம் நாள் திடீரென்று மார்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டார். ஆறாம் நாளும் அதே. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, யாரோ ஏமாற்றிவிட்டது மாதிரி அழுகை. எங்களுக்குக் காரணம் புரியவில்லை. வாயில் புண்ணா என்று பார்த்தோம், காதைப் பார்த்தோம், ரேவதி சோப்பு மாற்றினாளா என்றுகூடக் கேட்டோம். இதற்கிடையில் அவளுக்குப் பாலும் குறைய ஆரம்பித்தது.

"நான் இன்னா சிஸ்டர் தப்பு பண்ணேன்? என்னிய ஏன் அதுக்குப் புடிக்கல?" என்று கேட்டாள்.

அந்தக் குடியிருப்பில் அந்த வருடம் குழாயில் வந்த தண்ணீரின் நிறம் எனக்குத் தெரியும். புட்டியோடும் டப்பாப் பாலோடும் வீட்டுக்குப் போன குறைமாதக் குழந்தைகள் சிலர் பத்தே நாளில் வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்ததை என் கையாலேயே வாங்கியிருக்கிறேன். எல்லாரும் மறுபடி வீட்டுக்குப் போகவில்லை. இந்தக் குழந்தை தாயிடம் குடித்தே ஆக வேண்டும். அதை ரேவதியிடம் சொல்லி அவளை இன்னும் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில் உண்மை வெளியே வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வினோதமான சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஏழுமலை கையில் ஒரு பேச்சியம்மாள் புட்டி, குழந்தையின் மூக்கு வழியாகப் பால், முகம் நீலம். குழந்தையைப் பிடுங்கிக் கவிழ்த்து, உறிஞ்சு குழாயைப் போட்டு, ஆக்சிஜன் வைத்தேன். மூச்சு திரும்ப அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன், எங்கள் மாதா கோயிலுக்குச் சம்பந்தமில்லாத சாமிகளையும் சேர்த்து.

விசாரித்ததில் விஷயம் இதுதான். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அண்ணாச்சி தனக்கென்று எடுத்து வைத்திருந்த நாலைந்து புட்டிகளில் ஒன்றை ஏழுமலைக்குக் கொடுத்திருக்கிறார். ஏழுமலை அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து மூன்று நாளாகக் காலையும் மாலையும் கொண்டுவந்திருக்கிறான். ரேவதியும் எங்களுக்குத் தெரியாமல் பாலைப் பீய்ச்சி அதில் ஊற்றியிருக்கிறாள். சீக்கிரம் எடை ஏறினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசை. ஆனால் ஏழுமலை புட்டியை அப்படியே கொடுக்கவில்லை.

"புள்ள தம் கட்டி இசுக்குது சிஸ்டர், பாலு கம்மியா வருது. நாசிலு அடச்சிகினு கீதுன்னு நெனச்சேன். அடச்சா ஊசி வுடுவோம், அதான் வுட்டேன்" என்றான்.

கேஸ் கட்டர்கள் எல்லாரிடமும் ஒரு சின்ன ஊசிக் கொத்து இருக்கும். நெருப்பு வருகிற நாசில் அடைத்துக்கொண்டால் அந்த ஊசியை விட்டுச் சுத்தம் செய்வார்கள். பல வீடுகளில் ஊக்கைச் சுட்டு நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்குகிற வழக்கம் எனக்குத் தெரியும். இரும்பு வெட்டுகிற ஊசியால் ஆக்கியவனை அன்றுதான் பார்த்தேன். அந்த நிப்பிளைக் கவிழ்த்தேன். குழாயடி மாதிரி கொட்டியது.

டாக்டர் வந்தார். மூன்று ஏலக்காய். நாங்கள் எல்லாரும் சுவரோடு ஒட்டி நின்றோம். அவர் ஏழுமலையின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏழுமலை சார், நீங்க பிளேட்டு வெட்டும்போது காஸை அளவுக்கு மேல திறந்துவிட்டா என்ன ஆகும்?"

"வெட்டு கலீஜ் ஆயிடும் டாக்டர்."

"மேடத்துக்கும் அதான் ஆச்சு" என்றார் டாக்டர்.

ஏழுமலை தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். நான் திட்டுவதற்காக வைத்திருந்த வசனமெல்லாம் வீணாகிவிட்டது.

குழந்தைக்கு நிப்பிளுக்கும் மார்புக்கும் வித்தியாசம் தெரியாமல் குழப்பம் வந்துவிட்டது என்று ஒரு ஜூனியர் சொன்னாள். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. மேடம் குழம்பவே இல்லை, மிகத் தெளிவாக இருக்கிறார், எங்கே உழைக்காமல் பால் வருகிறதோ அதைத்தான் கேட்கிறார், குழப்பமெல்லாம் நமக்குத்தான் என்றார். பாலாடையில் கொடுத்து உயிரைக் காப்பாற்றலாம். ஆனால் பாலாடையில் உறிஞ்சுகிற வேலையே இல்லை. மேடம் உறிஞ்சவும் வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். அதனால், வார்டில் புட்டியே கூடாது என்று சட்டம் போட்ட மனிதர் தானே அந்தச் சட்டத்தை மீறினார். இருப்பதிலேயே மெதுவான நிப்பிள் ஒன்றைக் கண்டுபிடிப்போம், சிகரெட்டை நானும் ஒரே நாளில் விடவில்லை என்றார். ஸ்டோர் ரூம் திறக்கப்பட்டது.

கூட்ட அறையில் இருந்த சலைன் ஸ்டாண்டுகளில் ஒரு சமயத்துக்கு இருபது புட்டிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டோம். ஒவ்வொன்றிலும் தாடை வரை தண்ணீர். டாக்டர் ஸ்டாப்வாட்சை அழுத்துவார், நானும் ஏழுமலையும் சொட்டு எண்ணுவோம். யார்டில் லீவு சொல்லிவிட்டுப் பிராயச்சித்தமாக வந்திருந்தான் அவன். எல்லாம் ஒரே கம்பெனி, எல்லா டப்பாவிலும் "மெதுவான ஓட்டம்" என்ற ஒரே வாசகம். ஒன்று சொட்டியது, ஒன்று ஒழுகியது, ஒன்று கொட்டியது. எழுத்தை நம்பக் கூடாது என்று அன்றுதான் கற்றேன். ஜோதி, இதைக் கோடு போட்டு வைத்துக்கொள்.

இரண்டாம் நாள் கீழ்த்தளத்து மருந்துக் கடைக்காரர் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதாகச் சொல்லிப் பிளம்பரை அனுப்பினார். பிளம்பர் கதவைத் திறந்தார். தலைகீழாகத் தொங்கும் வயதான அம்மாக்கள் இருபது பேர், அடியில் இருபது கிண்ணங்கள், நடுவில் வாட்சோடு ஒரு டாக்டர். இது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவர் பிறகு எங்கள் தளத்துக்கு எதற்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் இருநூற்றுப் பதினேழாவது புட்டி சொட்டவே இல்லை. ஏழுமலை நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இதில் ஓட்டை பாதிதான் போட்டிருக்கிறார்கள், ஒரு ஊசி விட்டால் சரியாகிவிடும் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டான். நானும் டாக்டரும் ஒரே குரலில் வேண்டாம் என்று கத்தினோம். டாக்டர் கத்தி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

அதை நேரே மேடத்துக்குக் கொடுக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. முதலில் நாம் குடித்துப் பார்க்க வேண்டும் என்றார். கூட்ட அறையில் பாயை விரித்தோம். குழந்தையைப் புகட்டுகிற மாதிரியே ஒருக்களித்துப் படுக்க வேண்டும், மூச்சுக்குச் சிரமப்பட வேண்டும் என்பதற்காக ஒரு மூக்குத் துளையில் பஞ்சு. நான்கு நர்ஸ்கள், டாக்டர், ஏழுமலை, ஆளுக்கு ஒரு புட்டி சர்க்கரைப் பால். வேகமான நிப்பிளில் மூன்றாவது மிடறுக்கே டாக்டருக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீரோடு எழுந்து உட்கார்ந்து, எனக்கே மூச்சு விட நேரம் பத்தவில்லை என்று பரம சந்தோஷமாகச் சொன்னார். பிறகு இருநூற்றுப் பதினேழை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி படுத்தார். ஒன்றும் வரவில்லை. உறிஞ்சினார். ஒரு துளி. நிறுத்தினால் நின்றது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கதுரை அண்ணாச்சி போட்டோக்காரரோடு உள்ளே வந்தார். நன்கொடை பயன்படுவதைப் படம் எடுத்து யார்டில் மாட்ட வேண்டுமாம். பாயில் ஆறு பேர் வரிசையாகப் படுத்து அவர் அம்மா படம் போட்ட புட்டியில் பால் குடித்துக்கொண்டிருக்கிறோம், நடுவில் பெரிய டாக்டர். எனக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். கண் கலங்கிவிட்டது.

"டாக்டருமாரே குடிக்காங்களே. எங்கம்மாவுக்கு இதுக்கு மேல என்ன வேணும்" என்றார்.

போட்டோக்காரர் எடுத்தார். அந்தப் படம் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று நான் இதுவரை விசாரிக்கவில்லை.

அன்றிலிருந்து இருநூற்றுப் பதினேழுக்கு ராஜ மரியாதை. கொதிக்க வைத்து, எவர்சில்வர் டப்பாவில் மூடி, மருந்து அலமாரியில் பூட்டி வைத்தோம். ஷிப்ட் மாறும்போது அதை எண்ணி ஒப்படைப்போம், ஒன்று என்று. புகட்டும் முறையும் அப்படியே. முதலில் இரண்டு நிமிடம் மார்பில் சும்மா முகர விட வேண்டும், அழுதால் உடனே எடுத்துவிட வேண்டும். பிறகு ரேவதி மடியில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, புட்டியைக் கிடையாகப் பிடித்து, நாலைந்து தடவை உறிஞ்சியதும் சற்றே சாய்த்து மூச்சு விட வைக்க வேண்டும். தாடை அளவில் பாதி இப்படி, மீதி பாலாடையில். முதல் நாள் மேடம் இருநூற்றுப் பதினேழின் மேல் கடும் கோபத்தில் இருந்தார். வேலை செய்யாத லிப்டில் மாட்டிக்கொண்டவர் மாதிரி முகம். மூன்றாம் நாள் உறிஞ்சிவிட்டுக் காத்திருக்கப் பழகினார். உறிஞ்சினார், நிறுத்தினார், மூச்சு விட்டார், மறுபடி உறிஞ்சினார். மார்பருகே அழுகை குறைந்தது. ஆனால் வாயைத் திறந்து பிடிக்கவில்லை. ரேவதியின் பால் அன்றன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அதிக நாள் இல்லை.

ஆறாம் நாள் காலை யார்டில் அண்ணாச்சி ஏழுமலையிடம் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அவனும் நன்றியோடு எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். முந்நூறில் ஓட்டை சரியில்லாத ஒன்றுதான் தன் பிள்ளையைத் தேற்றுகிறது என்றிருக்கிறான். அண்ணாச்சிக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சொட்டை பிளேட்டைக்கூட அவர் யார்டை விட்டு வெளியே அனுப்பியதில்லை. அம்மா பேரில் கொடுத்த சரக்கில் ஒரு கழிவு, அதுவும் தன் ஆளின் குழந்தைக்கே. உடனே கிளம்பிவிட்டார்.

பதினோரு மணிப் பாலுக்கு நான் அலமாரியைத் திறந்தேன். டப்பாவில் புத்தம் புதிதாக இரண்டு நிப்பிள்கள் இருந்தன. அன்றுதான் வேலையில் சேர்ந்திருந்த ஒரு பெண், நன்கொடையாளர்தானே என்று சாவியைக் கொடுத்திருக்கிறாள். அண்ணாச்சி வராண்டாவில் திருப்தியாக உட்கார்ந்திருந்தார். பழுதை எடுத்துவிட்டேன், ஒன்றுக்கு இரண்டாக மாற்றி வைத்திருக்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றார்.

பழசை எங்கே போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். குப்பையில் என்றார் அண்ணாச்சி. வார்டுக் குப்பைப் பைகளை அப்போதுதான் பின்பக்கம் கொண்டுபோயிருந்தார்கள், ஆஸ்பத்திரிக் கழிவு எடுக்கிற வண்டி வந்து நின்றிருந்தது. டாக்டர் ஓடினார். விஷயம் புரிந்த அண்ணாச்சி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். யார்டிலிருந்து அப்போதுதான் வந்து படியேறிக்கொண்டிருந்த ஏழுமலையும் திரும்பி ஓடினான். ஜன்னலிலிருந்து பார்த்தேன். மூன்று பேரும் முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு பை பையாக அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் தலையில் கை வைத்தபடி நின்றார்.

மேடத்துக்கு இதொன்றும் தெரியாது. பசி நேரம் தாண்டிவிட்டது. வீறிட ஆரம்பித்தார். நான் பாலாடையை எடுத்துக் கழுவப் போனேன்.

"சிஸ்டர், அந்த ரப்பரு வர்ற வரைக்கும் நான் வெச்சிகினு கீறேன்" என்றாள் ரேவதி.

சட்டையை விலக்கி, தன்னை அந்த ரப்பருக்குப் பதிலாள் போல நினைத்துக்கொண்டு, குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டாள். மேடம் அழுகையை நிறுத்தி முகர்ந்தார். வாயை அகலமாகத் திறந்தார். பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு தடவை உறிஞ்சினார். பால் வரவில்லை. இந்த இடத்தில்தான் முன்பெல்லாம் முதுகை வளைத்துக்கொண்டு அலறுவார். நானும் ரேவதியும் மூச்சு விடவில்லை. மேடம் நிறுத்தினார், கண்ணைத் திறந்து ஒருமுறை பார்த்தார். இதுவும் அந்தப் பழுதான ஜாதிதான் போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். பொறுமையாக மூச்சு விட்டுவிட்டு மறுபடி உறிஞ்சினார். கொஞ்ச நேரத்தில் தொண்டையிலிருந்து விழுங்குகிற சத்தம் கேட்டது. ரேவதி அழவில்லை, சிரிக்கவில்லை. அசைந்தால் கலைந்துவிடும் என்று பயந்து சிலையாக உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் கன்னம் நனைந்துவிட்டது.

மூன்று பேரும் நாற்றத்தோடு திரும்பி வந்தார்கள். டாக்டர் கையில் இருநூற்றுப் பதினேழு இரண்டு துண்டாக இருந்தது. யாராவது பொறுக்கி மறுபடி விற்றுவிடக் கூடாது என்று அண்ணாச்சி கத்தரியால் நறுக்கிவிட்டுத்தான் போட்டிருக்கிறார். திரைக்குப் பக்கத்தில் வந்ததும் எனக்குக் கேட்ட சத்தம் டாக்டருக்கும் கேட்டுவிட்டது. அப்படியே நின்றார். அண்ணாச்சி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். குழந்தை எங்கம்மா புட்டியிலா குடிக்கிறது என்று சுவரைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. அவங்க அம்மாகிட்ட குடிக்கிறாங்க" என்றேன்.

அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, அப்போ எங்கம்மா கொடுத்துவச்சவதான் என்றார்.

இருபது நிமிடம் குடித்துவிட்டு மேடம் தானாகவே விட்டார். வாயோரத்தில் பால், முஷ்டி அவிழ்ந்துவிட்டது, தூக்கம். நான் கேஸ் ஷீட்டை எடுத்தேன். மேடம் எத்தனை மில்லி சாப்பிட்டார்கள் என்று டாக்டர் வழக்கம்போல் கேட்டார். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடிப்பதற்கு முன்னால் எடை போடவில்லை. இனி எப்படி எடை போட்டும் அந்தக் கணக்குக் கிடைக்காது. சொன்னேன். சொல்லிவிட்டு ஏலக்காய்க்காகக் காத்திருந்தேன்.

டாக்டர் சட்டைப் பைக்குள் கையை விடவில்லை. தூங்குகிற குழந்தையையும், இன்னும் அசையாமல் உட்கார்ந்திருந்த ரேவதியையும் பார்த்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது, குப்பைக்கு ஓடும்போது எப்போதோ அழுந்தியிருக்கிறது. அதை நிறுத்தினார்.

"அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடுங்க சிஸ்டர்" என்றார்.

என் சர்வீஸில் நான் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான்.